ஏரிக்கரை இல்லத்திற்கு ஏற்ற விறகு அடுப்பு

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் ஸ்ரீநகரம் அமைந்துள்ளது. அந்நகரை ஒட்டிய தால், நிகீன் ஏரிகளின் கரைகளிலும், வடக்கே ஊலர் ஏரியைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஏராளமான குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிரை அவ்வூர் மக்கள் ‘சில்லை கலான்’ என்று அழைக்கின்றனர். அதனைத் தொடர்ந்து இருபது நாட்கள் ‘சில்லை குர்த்’ என்றும், பத்து நாட்கள் ‘சில்லை பச்சா’ என்றும் வழங்கப்படும். ஆக எழுபது நாட்களுக்கு வீட்டினுள் தீ வளர்க்காமல் வாழ இயலாது. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்ரீநகரின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8 பாகைக்கும் அப்பால் இறங்கிற்று; தால் ஏரியின் மேற்பரப்பு உறைந்து பனிக்கட்டியாயிற்று.

இத்தகைய ஊரில் பணிபுரியும் ஊழியர்களிடம் மக்கள் கேட்கும் முதற் கேள்வி, ‘எந்த அடுப்பை வாங்குவது?’ என்பதே. கடைகளில் காணப்படும் அடுப்புகளின் கனம், வடிவம், விலை ஆகியவற்றை ஒப்பிட்டு இக்கேள்விக்கு விடை தேடுவது வழக்கம். ஆனால் விறகு அடுப்பு என்பது கடையில் வாங்கும் இரும்புப் பெட்டி மட்டுமன்று. தீ எரியும் பெட்டி, புகையை வெளியேற்றும் குழாய், அறைக்குள் காற்று வரும் வழி, உலர்ந்த விறகு ஆகிய நான்கும் சேர்ந்ததே அடுப்பு. இவற்றுள் பெட்டியில் உள்ள குறை விறகுச் செலவைக் கூட்டும்; குழாயிலோ காற்று வழியிலோ உள்ள குறை உயிரைக் கவரும். ஆகவே புகைபோக்கியையும் காற்று வழியையும் முதலில் தீர்மானித்து, பெட்டியைப் பின்னர் தேர்ந்தெடுப்பதே முறையாகும். அதனை எவ்வாறு செய்வதென்று இக்கட்டுரையில் காண்போம். உதகமண்டலம், கொடைக்கானல் முதலிய மலையூர்களில் பணிபுரிவோர்க்கும் இதன் அடிப்படை விதிகள் பயன்படும்.

பழைய முறைகள்

காஷ்மீர மக்கள் குளிரைத் தாங்க மூன்று சாதனங்களைக் கையாளுகின்றனர். முதலாவது ‘காங்கிடி’. இது பிரம்பு போன்ற மெல்லிய மிலாறுகளால் பின்னிய கூடைக்குள் வைத்த மண்சட்டி. அதில் கரித்தணலை இட்டு, ‘பேரன்’ என்னும் நீண்ட அங்கிக்குள் உடலோடு அணைத்துக்கொள்வர். செலவு மிகக் குறைவு. எங்கும் எடுத்துச் செல்லலாம். எனினும் தணலின் சூடு நெடுநாள் படுவதால் வயிற்றிலும் தொடையிலும் தோல் கருகுவதையும், அவ்விடத்தில் புற்றுநோய் தோன்றுவதையும் மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டறிந்து எழுதியுள்ளனர். மேலும் மூடிய அறையில் தணல் வெளியிடும் நச்சு வாயுவுக்குப் போக்கிடம் கிடையாது.

இரண்டாவது ‘ஹமாம்’. கற்பலகைகளாலான தரையின்கீழ் விறகை எரித்து, அக்கல்லைச் சூடேற்றி அதன்மேல் அமர்வது இம்முறை. மசூதிகளிலும் வசதியுள்ள இல்லங்களிலும் இதனைக் காணலாம். கல் நெடுநேரம் வெப்பத்தைத் தாங்கி நிற்கும். ஆயினும் கட்டுமானச் செலவு மிகுதி, விறகும் அதிகம் வேண்டும், எடையும் பெரிது.

மூன்றாவது ‘புகாரி’. தகட்டிரும்பாலான உருளை வடிவ அடுப்பு இது. மேல்மூடி வழியாகவோ முன்கதவு வழியாகவோ விறகை இட்டு, புகையைக் குழாய்மூலம் வெளியேற்றுவர். சாதாரண குடும்பத்திற்கு எட்டக்கூடியது இதுவே. நாம் ஆராயவேண்டியதும் இதனையே.

விறகு எவ்வாறு எரிகிறது?

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறியதும் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் மரப்பொருள் சிதைந்து, எரியத்தக்க வாயுக்கள் வெளிப்படுகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு வாயுவாகவும் ஆவியாகவும் பிரிந்துவிடும். எஞ்சிய ஒரு பங்கே கரியாக நின்று தணலாகிறது. நாம் காணும் சுடர் அவ்வாயுக்கள் எரிவதன் விளைவே. அவை எரிவதற்குப் போதிய காற்றும் உயர்ந்த வெப்பநிலையும் தேவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், வாயுக்கள் எரியாமலே புகையாக வெளியேறும். ஆகவே கரும்புகை கக்கும் அடுப்பு, வெப்பத்தைக் குழாய் வழியே வெளியே கொட்டும் அடுப்பாகும்.

அப்புகை குளிர்ந்த குழாயில் படும்போது, நீராவியும் தார் போன்ற பொருள்களும் குழாயின் உட்சுவரில் படிகின்றன. புகையின் வெப்பநிலை சுமார் 120 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது இப்படிவு விரைவாகச் சேரும். இத்தார்ப் படிவம் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. குழாய்க்குள் அது பற்றிக்கொண்டால் வெப்பநிலை 1,000 பாகையைத் தாண்டக்கூடும். மெல்லிய தகட்டுக் குழாய் அதனைத் தாங்காது.

ஏரிக்கரையில் விறகைக் காத்தல்

ஏரியை அடுத்த நிலங்களில் வில்லோ மரமும் பாப்ளர் மரமும் செழித்து வளர்கின்றன. ஊலர் ஏரிக்கரையின் வில்லோத் தோப்புகள் விறகுத் தேவையை முன்னிட்டே நடப்பெற்றவை. பழத்தோட்டங்களில் கழிக்கும் ஆப்பிள் மரக் கிளைகளும் அடுப்புக்கு வருகின்றன. வில்லோவும் பாப்ளரும் இலேசான மரங்கள். விரைவில் எரிந்து தீரும். ஆப்பிள், முசுக்கட்டை போன்ற கனமான மரங்கள் நின்றெரியும். எந்த மரமாயினும் எடைக்கு எடை பார்த்தால் அவை தரும் வெப்பத்தில் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை உண்டாவது அவற்றிலுள்ள நீரின் அளவாலேயே.

ஒரு சிறு கணக்கினால் இதனை விளக்கலாம். முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோகிராம் மரம் எரிந்தால் சுமார் 4,400 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். அண்மையில் வெட்டிய விறகின் எடையில் பாதி நீராக இருப்பது சாதாரணம். அத்தகைய ஒரு கிலோகிராம் விறகில் மரப்பொருள் அரைக் கிலோகிராமே. அதன் வெப்பம் 2,200 கிலோகலோரி. மற்ற அரைக் கிலோகிராம் நீரைச் சூடாக்கி ஆவியாக்க 300 கிலோகலோரி செலவாகிறது. எஞ்சுவது 1,900. நன்கு உலர்ந்து, நீர் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்த விறகோ கிலோகிராமுக்குச் சுமார் 3,400 கிலோகலோரி தரும். எடைபோட்டு ஈர விறகை வாங்குபவர், ஏரியில் இலவசமாகக் கிடைக்கும் நீரை விலைகொடுத்து வாங்குகிறார். அதைவிடப் பெரிய நஷ்டம், ஈரம் தீயைக் குளிர்வித்து, வாயுக்கள் எரியாமல் வெளியேறச் செய்வதாகும். குழாயில் தார் சேர்வதற்கும் இதுவே தலையாய காரணம்.

ஏரிக்கரையில் காற்றின் ஈரம் அதிகம், தரையும் ஈரமானது. ஆகவே விறகை வசந்த காலத்திலேயே வாங்கிப் பிளந்து அடுக்கவேண்டும். பிளவாத உருளைக்கட்டை பட்டையினுள் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் அடுக்குதல் நலம். மேலே கூரை வேண்டும், பக்கங்களை மூடலாகாது. விறகடுக்கை முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்துவோர் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கின்றனர். குறைந்தது ஆறு மாதம், இயன்றால் ஓராண்டு உலர விடுதல் வேண்டும்.

பள்ளி ஆசிரியர்கள் இதனை ஒரு சோதனையாகவே நடத்திக் காட்டலாம். புதிதாகப் பிளந்த ஒரு விறகுத் துண்டைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. நிழலில் காற்றோட்டமான இடத்தில் வைத்து, வாரந்தோறும் அதனை நிறுத்து வரைபடம் வரையச் செய்க. எடை முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் குறைந்து, ஒரு நிலையில் நின்றுவிடும். அந்நிலையை அடைந்த விறகே அடுப்புக்கு உரியது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால், உலர்ந்தவை கணீரென்று ஒலிக்கும். ஈரமானவை மந்தமாக ஒலிக்கும்.

அறைக்கேற்ற அளவு

பெரிய அடுப்பு நல்ல அடுப்பு என்று எண்ணுவோர் பலர். அளவுக்கு மீறிய அடுப்பை வாங்கினால் அறை தாங்கொணாது சூடாகும். உடனே காற்றுத் துளையை அடைத்துத் தீயை அடக்குவர். அடக்கிய தீ புகையும். குழாயில் தார் சேரும். நச்சு வாயுவும் பெருகும். ஆகவே அறையின் தேவையைக் கணக்கிட்டு வாங்குதல் அவசியம்.

நீளம் 4 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 2.5 மீட்டர் உள்ள அறையின் கொள்ளளவு 40 கன மீட்டர். வெப்பக் காப்பு குறைந்த வீட்டில், கன மீட்டர் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 85 கிலோகலோரி வேண்டும் என்று கொள்ளலாம். எனவே அறைக்கு மணிக்கு 3,400 கிலோகலோரி தேவை. அடுப்பு விறகின் வெப்பத்தில் பாதியை அறைக்கு அளிக்கிறது என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த விறகு மணிக்கு 2 கிலோகிராம் செலவாகும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வீதம் எழுபது நாட்களுக்கு 840 கிலோகிராம் விறகு வேண்டும். பாதி நீருள்ள விறகானால் இதே வெப்பத்திற்கு 1,500 கிலோகிராமைச் சுமந்து வரவேண்டியிருக்கும். சன்னல் இடுக்குகளை அடைத்தும், கூரையின்கீழ் மரப்பலகைத் தளம் அமைத்தும் வெப்ப இழப்பைக் குறைத்தால் சிறிய அடுப்பே போதும். ஆனால் இடுக்குகளை அடைப்பதற்குமுன் காற்று வழியைப்பற்றிக் கீழே கூறுவதைக் கவனிக்கவேண்டும்.

எவ்வகை அடுப்பு?

தகட்டிரும்பு அடுப்பு மலிவானது. சில நிமிடங்களில் சூடாகும். தீ அணைந்ததும் விரைவில் குளிரும். மெல்லிய தகடு சில பருவங்களில் அரித்து ஓட்டையாகும். ஏரிக்கரையின் ஈரக்காற்றில் கோடைக்காலத்தில் பயன்படாமல் நிற்கும்போது துருவும் ஏறும். வார்ப்பிரும்பு அடுப்பு மெதுவாகச் சூடாகி, நெடுநேரம் வெப்பத்தை வைத்திருக்கும். கதவு இறுகப் பொருந்துவதால் காற்றின் அளவைச் சரியாகக் கட்டுப்படுத்தலாம். விலையும் எடையும் அதிகம். செங்கல்லாலும் கல்லாலும் கட்டும் பேரடுப்புகள் வெப்பத்தைச் சேமிப்பதில் சிறந்தவை. எனினும் ஏரிக்கரையின் இளகிய மண்ணில் பெரும் எடையைச் சுமத்தினால் தரை சமமின்றி இறங்கும். கட்டடம் விரிசல் காணும். அவ்விரிசல் வழியே புகை அறைக்குள் கசியும். அன்றியும் காஷ்மீரம் நிலநடுக்கம் கடுமையாகத் தாக்கும் பகுதி. உயரமான செங்கற் புகைபோக்கி அதிர்ச்சியில் முதலில் சரியும் உறுப்புகளுள் ஒன்றாகும். ஆகவே இளகிய நிலத்திலுள்ள வீட்டுக்கு, கனத்த தகட்டாலோ வார்ப்பிரும்பாலோ ஆன நடுத்தர அடுப்பும், கம்பிகளால் இழுத்துக் கட்டிய உலோகப் புகைக்குழாயுமே பொருத்தமானவை.

மரத்தூளை நெருக்கி அடைத்து நடுவே துளையிட்டு எரிக்கும் புகாரிகளும் உண்டு. மரம் அறுக்கும் ஆலைகள் அருகிலுள்ள ஊர்களில் இவை சிக்கனமானவை. தூள் ஈரமாக இருத்தல் கூடாது; எரியும்போது கிளறுவதும் ஆபத்து. மண்ணெண்ணெய் புகாரிகள் பனிமலைகளில் காவல்புரியும் படையினரிடையே வழக்கில் உள்ளன. அவற்றின் தீ பின்வாங்கி வெடிப்பதையும் நச்சு வாயு கசிவதையும் தவிர்க்கும் பொருட்டு, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த ஆய்வுக்கூடம் ஒன்று ‘ஹிம் தாபக்’ என்னும் கருவியை உருவாக்கியது. இது 2021ஆம் ஆண்டில் செய்தியாக வெளிவந்தது. அடுப்பின் பிழை எத்துணை வலியவரையும் தாக்கும் என்பதற்கு இம்முயற்சியே சான்று.

சுவருக்குள் மறைந்துள்ள மரம்

காஷ்மீரத்தின் பழைய வீடுகள் இரண்டு முறைகளில் கட்டப்பட்டவை. ‘தாக்’ என்னும் முறையில் செங்கற் சுவர்களினூடே கிடைமரங்கள் ஓடும். ‘தஜ்ஜி தேவாரி’ என்னும் முறையில் மரச்சட்டங்களுக்கிடையே செங்கல்லும் மண்ணும் நிரப்பப்படும். நிலநடுக்கத்தைத் தாங்குவதில் இவை பெயர்பெற்றவை. ஆனால் மேலே சாந்து பூசியபின் முழுச் செங்கற் சுவராகவே கண்ணுக்குத் தோன்றும். இதனை நம்பிக் குழாய்க்குத் துளையிட்டால், சூடான குழாய் மறைந்துள்ள மரத்தைத் தொட்டு நிற்கும். நாள்தோறும் சூடேறிய மரம் மெல்லக் கரியாகி, ஆண்டுகள் சில சென்றபின்னும் தீப்பற்றலாம். எனவே துளையிடுமுன் சுவரைத் தட்டியும், சாந்தைச் சிறிது சுரண்டியும் மரச்சட்டங்கள் ஓடும் இடங்களைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

பாதுகாப்பான இடைவெளிகள் வருமாறு. காப்புத் தகடு இல்லாத மரச் சுவரிலிருந்து அடுப்பு 90 சென்டிமீட்டர் தள்ளி இருத்தல் வேண்டும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு 45 சென்டிமீட்டர் தேவை. இடம் போதாத சிறு அறையில், சுவரிலிருந்து 2.5 சென்டிமீட்டர் விலக்கி ஓர் இரும்புத் தகட்டைப் பொருத்தி, அதன் கீழும் மேலும் காற்று புகுந்து செல்லுமாறு விட்டால், அடுப்பின் இடைவெளியை 30 சென்டிமீட்டராகக் குறைக்கலாம். இங்கே காப்பளிப்பது தகட்டின் பின்னே ஓடும் காற்றே. தகட்டைச் சுவரோடு ஒட்டி அடித்தால் பயன் இராது.

மரத்தளத்தின்மேல் அடுப்பை நேரே வைக்கலாகாது. செங்கல்லோ கற்பலகையோ பரப்பி, அதன்மேல் கால்களுள்ள அடுப்பை நிறுத்துக. அடுப்புக் கதவின் முன்னே இப்பரப்பு 45 சென்டிமீட்டராவது நீண்டிருத்தல் வேண்டும். தெறித்து விழும் தணல் அதற்குள் அடங்கும்.

புகைபோக்கியின் இலக்கணம்

சூடான வாயு இலேசானது. குளிர்ந்த காற்று கனமானது. இவ்வேற்றுமையே புகையை மேலே இழுக்கிறது. உறைநிலையிலுள்ள காற்று கடற்கரையில் கன மீட்டருக்கு 1.29 கிலோகிராம் எடையுள்ளது. ஸ்ரீநகரின் உயரத்தில் அது சுமார் 1.08 கிலோகிராம். குழாய்க்குள் 150 பாகை வெப்பத்திலுள்ள வாயு அங்கே சுமார் 0.70 கிலோகிராம். வேற்றுமை 0.38. குழாய் 5 மீட்டர் உயரமானால், இழுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர் நீரின் அழுத்தத்திற்குச் சமம். கடற்கரையில் இதே குழாய் 2.3 மில்லிமீட்டர் அழுத்தத்தைத் தரும். மலையூரில் புகைபோக்கி சற்று உயரமாக இருக்கவேண்டியதன் காரணம் இதுவே. இத்துணை மெல்லிய விசையை ஒரு வளைவு, ஒரு புகைக்கரிப் படிவம், ஒரு காற்றுவீச்சு எளிதில் முறியடித்துவிடும்.

ஆகவே பின்வரும் விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். குழாய் இயன்றவரை நேராக மேலே செல்லவேண்டும். இரண்டு வளைவுகளுக்கு மேல் ஆகாது. கிடையாகச் செல்லும் பகுதி குறுகியதாக இருந்து, மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது மேல்நோக்கி ஏறவேண்டும். குழாயின் விட்டம் அடுப்பின் வாயைவிடக் குறையலாகாது. இணைப்புகளில் மேற்குழாயின் முனை கீழ்க்குழாயின் உள்ளே செருகி நிற்கவேண்டும்; அப்போதுதான் வழியும் தார் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பை அடையும். ஒவ்வோர் இணைப்பையும் மூன்று திருகாணிகளால் இறுக்குக. கூரையையோ மேல்தளத்தையோ கடக்குமிடத்தில் ஒற்றைத் தகட்டுக் குழாயைப் பயன்படுத்துதல் தகாது. நடுவே வெப்பக் காப்புப் பொருள் அடைத்த இரட்டைக் குழாயே அங்கு வேண்டும்.

குழாயைச் சன்னல் வழியே நீட்டி, கூரையின் இறவாரத்திற்குக் கீழே விட்டுவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. ஏரியின்மேல் தடையின்றி வரும் காற்று சுவரில் மோதும்போது அங்கே அழுத்தம் மிகும். புகை குழாய்க்குள் திரும்பும். கூரையின் உச்சியில் அழுத்தம் குறைவு. அங்கே காற்று புகையை இழுத்துச் செல்லும். எனவே குழாயின் முனை, கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து 90 சென்டிமீட்டர் உயரமும், 3 மீட்டர் சுற்றளவுக்குள் உள்ள கூரைப்பகுதி எதனையும்விட 60 சென்டிமீட்டர் உயரமும் இருத்தல் வேண்டும். சரிவான தகரக் கூரையில் பனி மொத்தமாகச் சறுக்கி விழும்போது குழாயை முறித்துவிடும். ஆதலால் கூரையின் முகட்டை ஒட்டியே குழாயை வெளியேற்றுதல் சிறந்தது. இவ்வாறு செய்தால் குழாயின் பெரும்பகுதி வீட்டினுள்ளேயே நின்று சூடாக இருக்கும்; தாரும் குறையும்.

காற்றில்லாத குளிர்கால விடியற்காலையில், கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் ஏரியின்மேல் தேங்கி நிற்கும். அவ்வேளையில் குளிர்ந்த குழாய் புகையை இழுக்காது. விறகை மூட்டுமுன் ஒரு தாளைக் கொளுத்திக் குழாயின் வாயருகே பிடித்து, குழாயைச் சூடாக்கிக் கொள்ளவேண்டும்.

காற்று வழியும் நச்சு வாயுவும்

ஒரு கிலோகிராம் விறகு நன்றாக எரிய நடைமுறையில் ஏறத்தாழ 10 கிலோகிராம் காற்று வேண்டும். மணிக்கு 2 கிலோகிராம் விறகு எரித்தால் 20 கிலோகிராம் காற்று, அதாவது ஸ்ரீநகரில் ஏறத்தாழ 20 கன மீட்டர் காற்று செலவாகிறது. மேற்கூறிய அறையின் காற்றில் பாதி ஒவ்வொரு மணியிலும் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. அதே அளவு காற்று வெளியிலிருந்து வந்தாகவேண்டும்.

பழைய வீடுகளின் மரப்பின்னல் சன்னல்களுக்குக் குளிர்காலத்தில் காகிதம் ஒட்டுவர். அவற்றின் இடுக்குகள் வழியே போதிய காற்று வந்துகொண்டிருந்தது. இக்காலத்துக் கண்ணாடிச் சன்னலும் சிமெண்டுச் சுவரும், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளும் அறையைப் பெட்டிபோல் அடைத்துவிடுகின்றன. அதே அடுப்பு, அதே விறகு. ஆனால் வீடு மாறிவிட்டது. காற்று குறைந்த தீயிலிருந்து எழுவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவை ஏந்திச்செல்லும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட பற்றுடன் இதனோடு சேர்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றும். உறங்குபவர் இவற்றை உணரார். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர், மூன்று குழந்தைகள் உட்பட, வீட்டினுள் மூச்சுத்திணறி மாண்டனர். வெப்பமூட்டும் கருவியே காரணமாக இருக்கலாம் என அப்போது கருதப்பட்டது. குளிர்காலந்தோறும் இத்தகைய செய்திகள் வருவது வருந்தத்தக்கது.

இதனைத் தடுக்கும் வழி எளிது. அடுப்பின் அருகே, தரைமட்டத்தை ஒட்டி, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளையை வெளிச்சுவரில் அமைத்து, எலி புகாதபடி கம்பிவலை இடுக. அடுப்புக்கு அருகில் இருப்பதால், வரும் குளிர்காற்று அறையைக் கடந்து சென்று மக்களை வருத்தாமல் நேரே தீயை அடையும். அத்துளையை எக்காரணத்தாலும் துணியால் அடைத்தல் கூடாது. தணல் உள்ளவரை குழாயிலுள்ள தடுப்புத் தகட்டை முழுவதும் மூடலாகாது. காங்கிடியையும் கரித்தணலையும் படுக்கையறையில் விட்டு உறங்குதல் தகாது. மின்கலத்தால் இயங்கி, இவ்வாயு மிகும்போது ஒலியெழுப்பும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன; அடுப்பு வாங்குவோர் அதையும் உடன் வாங்குதல் நலம். எவரேனும் மயங்கிக் கிடந்தால், உடனே சன்னல் கதவுகளைத் திறந்து, அவரைத் திறந்தவெளிக்குக் கொணர்ந்து, மூச்சு நின்றிருந்தால் செயற்கைச் சுவாசம் அளித்து, மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

படகு வீடுகள்

தால், நிகீன் ஏரிகளிலுள்ள படகு வீடுகள் தேவதாரு மரத்தால் ஆனவை. ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. 2023 நவம்பர் 11ஆம் நாள் தால் ஏரியில் நேர்ந்த தீவிபத்தில் ஐந்து படகு வீடுகள் எரிந்து சாம்பலாயின. வங்காளதேசத்திலிருந்து வந்திருந்த பயணிகள் மூவர் மாண்டனர். சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்தும் தீயணைப்போர் விரைந்து நெருங்குதல் அங்கே அரிது. படகில் அடுப்பு வைப்போர் மேற்கூறிய இடைவெளிகளில் ஒன்றையும் குறைத்தல் கூடாது. படகு அசைவதால் அடுப்பைத் தளத்தோடு திருகாணிகளால் பிணைத்தல் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் மணல்வாளியும் தீயணைப்பானும் எந்நேரமும் இருக்கவேண்டும்.

பொருத்தியபின் செய்யவேண்டியவை

அடுப்பைப் பொருத்திய முதல் நாளில் சிறு தீ மூட்டி, எல்லா இணைப்புகளின் அருகிலும் ஊதுவத்தியைக் காட்டுக. அதன் புகை குழாயை நோக்கி இழுக்கப்பட்டால் நன்று. தள்ளப்பட்டால் அங்கே கசிவு உண்டு. ஒரு மணி நேரம் எரிந்தபின் அடுத்துள்ள மரச் சுவரைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கையை வைத்திருக்க இயலாத அளவு சூடு இருப்பின் இடைவெளி போதாது என்று அறியலாம். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றிப் பார்த்து, படிவம் 3 மில்லிமீட்டரை எட்டுமுன் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்கவேண்டும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் இட்டு, வீட்டுக்கு வெளியே மரம் இல்லாத இடத்தில் வைக்கவும். சாம்பலுள் புதைந்த தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். சாம்பலை ஏரியில் கொட்டாது காய்கறித் தோட்டத்தில் இடலாம். அதில் பொட்டாஷ் உரம் உண்டு. பருவம் முடிந்ததும் அடுப்பைத் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி, குழாயின் முனையை மூடிவைத்தால் துரு ஏறாது.

ஊழியர் கடமை

நம் நாட்டில் அடுப்பைத் திருத்தும் முயற்சி புதிதன்று. வார்தாவில் 1947ஆம் ஆண்டில் ‘மகன் அடுப்பு’ உருவாயிற்று. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு 1950களில் புகையற்ற சமையலறைக்கான அடுப்பை வகுத்தார். 1980களில் மத்திய அரசு மேற்கொண்ட தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை நிறுவியபின் 2002இல் நிறுத்தப்பட்டது. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. புகைக்குழாய் அடைத்தபோதும் உடைந்தபோதும் அதனைச் சரிசெய்ய ஆளில்லாமற் போனதே ஒரு முக்கிய காரணம். அறையைச் சூடாக்கும் அடுப்புக்கும் இப்படிப்பினை பொருந்தும்.

ஆகவே கிராமத்தில் ஓர் அடுப்பைப் பொருத்தும் ஊழியர், பொருத்திய அன்றோடு தம் பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது. சில்லை கலான் தொடங்குமுன் நவம்பரில் ஒருமுறையும், அதன் நடுவே ஒருமுறையும் அவ்வீட்டிற்குச் சென்று, குழாய் சுத்தமாக உள்ளதா, காற்றுத் துளை திறந்துள்ளதா, விறகு உலர்ந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் பெண்களே அடுப்பை நாள்தோறும் கையாளுகின்றனர். ஆதலின் விளக்கங்களை அவர்களிடமே நேரில் கூறுதல் அவசியம். ஆசிரியர்கள் தம் மாணவர் ஒவ்வொருவரையும் தத்தம் வீட்டுக் காற்றுத் துளையைப் பார்த்துவந்து மறுநாள் வகுப்பில் கூறும்படி செய்யலாம். துளை இல்லாத வீடுகளின் பட்டியல் ஒன்று அவ்வாறு கிடைக்கும். எந்த வீட்டிற்கு முதலில் செல்லவேண்டும் என்பதை அப்பட்டியலே ஊழியருக்குக் காட்டிவிடும்.